உன் அப்பா பெயர் கொடுத்த வருஷம்

தம்பி,

நலம் விசாரிப்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்கிறேன். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரி போதும், என் வயிற்றில் பால் வார்த்துவிட்டாய். தபால்காரர் வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையோடு பிரித்து, நின்றபடியே படித்து, அப்பாடா என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். "தம்பி வேலைய விடலியாம்" என்றேன். "அதுக்கு ஏன் தரையில ஒக்காந்துருக்க?" என்று கேட்டுவிட்டு, அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குச் சோறு கொஞ்சம் குழைந்துதான் போனது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. பள்ளிக்கூடமே இல்லாத ஊர்களாகப் பார்த்து, சின்னப் பிள்ளை நடந்து போகிற தூரத்துக்குள் ஒரு பள்ளிக்கூடம் என்று மெட்ராஸ் சர்க்கார் திட்டம் போடுகிறது, எந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்து வரும் வேலையை உன்னை நம்பிக் கொடுத்திருக்கிறது. நீ ஜீப்பில் போய் இறங்கினால் அந்தச் சனங்கள் பிள்ளைகளை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள். கொடியில் சின்னச் சட்டை காய்கிறது, வீட்டில் பிள்ளையே இல்லை என்கிறார்கள். "இதுகளுக்கு எழுத்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நான் கப்பல் ஏறி வருகிறேன்" என்று நீ எழுதிவிட்டாய். இவ்வளவு கோபம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டேன், என்னிடமிருந்துதான் வந்தது. ஆனால் அந்த "இதுகளுக்கு" என்ற சொல் உன் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். அடுத்த மாதம் அதே கிராமத்துக்கு மறுபடி போகிறேன் என்கிறாய். அதற்கு முன்னால் இங்கே நம் ஊர் காஜா பெராங்கில் நடந்தது ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது நீ மெட்ராஸில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், "அவனுக்கு எழுத வேண்டாம்" என்று அப்பா தடுத்துவிட்டார். இப்போது எழுது என்று அவரே சொல்கிறார்.

இங்கே மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்திய வருஷம் அது. உன் தங்கை கமலாவுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. நாடு நம் கைக்கு வரப்போகிறது, எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்கக்கூடாது என்று ஒரே பேச்சு. அடுத்த ஜனவரியில் முதல் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளைகளின் பெயரை, குறித்த நாட்களுக்குள் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு வந்து கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் கத்திக்கொண்டு சந்து சந்தாகப் போனது. நெற்றியில் திருநீறும் வாயில் மலாயுமாக இருக்கும் நம் பக்கத்துக் குடியிருப்பான செட்டிக் கம்பத்துச் சனங்கள் அன்றைக்கே பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டு மலாய்ப் பள்ளிக்கும் கான்வென்டுக்கும் கிளம்பிவிட்டார்கள். நம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஈ எறும்பு கூட வரவில்லை.

நான் முதல் வகுப்பு டீச்சர் என்பதால் வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசும் வேலை எனக்கு. வராந்தாவில் மேசை போட்டு, துணி விரித்து, பூ வைத்திருந்தேன். பெயர் எழுதிக்கொள்ள ஓர் இளம் மலாய் வாத்தியாரை அனுப்பியிருந்தார்கள். சொங்கோக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கணக்கு ரொம்ப எளிது, தம்பி, உன் கணக்கேதான். பெயர் வந்தால் வகுப்பு உண்டு, வகுப்பு இருந்தால் வாத்தியார், நாற்காலி, புத்தகம் எல்லாம் வரும். பெயர் வரவில்லையென்றால் இங்குள்ள தமிழர்களுக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை என்று மேலே எழுதி அனுப்பிவிடுவார்கள். முதல் வகுப்பு இல்லாத பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். நம் கமலா எங்கே போவாள்?

பகலில் மேசையடியில் உட்கார்ந்து, சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் வரவேற்புத்தான். காப்பி போட்டுக் கொடுக்காத வீடு இல்லை. பெயர் என்று வாயெடுத்தால் மட்டும், "விசயதசமி கழியட்டும் டீச்சர், நாங்களே கொண்டாந்து விடுறோம்" என்று ஒரே பதில். விஜயதசமிக்குத்தானே நாமும் பிள்ளைக்கு எழுத்து தொடங்குவோம், உனக்கும் அரிசியில் விரல் பிடித்து எழுத வைத்தது அன்றைக்குத்தான். அதனால் நான் நம்பிவிட்டேன். தலைமையாசிரியரும் நம்பி, அதிகாரிகளிடம் போய், எங்கள் சனங்களுக்காக விஜயதசமிவரை தள்ளிப் போடுங்கள் என்று கெஞ்சினார். முடியாது என்றுவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எத்தனை பிள்ளைகள் என்று தெரியாமல் எத்தனை நாற்காலி செய்யச் சொல்வார்கள்? திட்டம் போட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, எங்கள் பக்கமும் நியாயம் இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

கடைசியில் மூலை வீட்டு மாரியக்காதான் போட்டு உடைத்தாள். அவள் பையனுக்கும் கமலா வயதுதான்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். ஒங்க கமலா பேரக் குடுத்தாச்சா?"

"இன்னும் இல்லக்கா. அவங்க அப்பா வந்து கையெழுத்துப் போடணும்ல."

"டீச்சர் மவ பேரே இன்னும் குடுக்கல, எங்கள வந்து கேக்குறீங்க. ஒங்க வீட்டுக்காரரு சயாம் போய்ட்டு வந்தவரு. அவரு மொதல்ல குடுக்கட்டும். அப்பறம் நாங்க குடுக்குறோம்."

"பள்ளிக்கூடத்துல பேரு குடுக்கறதுக்கும் சயாமுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? வீட்டுலதான இருக்காரு, போய்க் கேளுங்க."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று உன் அப்பா கையெழுத்தைத் தள்ளிக்கொண்டே போனது அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் வாசலில் பேசின் சட்டியில் தண்ணீர் வைத்து சைக்கிள் டியூபுக்கு ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். போன வேகத்தில் கேட்டேன்.

"கமலா பேரக் குடுக்க எப்பத்தான் வரப்போறீங்க?"

"பேரெல்லாம் குடுக்க வேணாம்."

"குடுக்க வேணாமா? அவ நாலு எழுத்து படிக்க வேணாமா?"

"படிக்கட்டும். வீட்டுலயே சொல்லிக் குடு. ஒனக்குத் தெரியாததா?"

"ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் நான் டீச்சர், எம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கெடையாதா?" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். கமலா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைக் கடைக்குப் போய் மிட்டாய் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். பிறகு டியூபைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் அப்பா சயாமுக்கு ரயில் பாதை போடப் போனார், எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். எப்படிப் போனார் என்பது எனக்கே அன்றுவரை தெரியாது. நானும் நீயும் அப்போது இங்கே உன் மாமா வீட்டில் இருந்தோம், அவர் மட்டும் தோட்டத்தில் இருந்தார்.

"ஒரு நாளு காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல ஆளெல்லாம் நிக்கிறப்ப, தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி வந்தாரு. வெறும் பேரு மட்டும் குடுங்க, அரிசி குடுப்பாங்க, துணி குடுப்பாங்கன்னாரு. எல்லாரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு நின்னாங்க. நான்தான் மொதல்ல போய்க் குடுத்தேன். நான் குடுத்தத பாத்து சின்னையா குடுத்தான், வேலு குடுத்தான், எங்க லயத்து வீடு அத்தனையும் குடுத்துச்சு. சாயந்தரம் லோரி வந்துச்சு. அவ்வளவுதான். அவங்கள்லாம் எங்க? நான் மட்டும் இங்க ஒக்காந்து டியூப்பு ஒட்டிக்கிட்டு இருக்கேன்."

"அது ஜப்பான்காரன் காலங்க."

"எழுதினது ஜப்பான்காரனா? நம்ம கிராணிதான் எழுதுனாரு. நல்ல மனுசன், சிரிச்சுக்கிட்டேதான் எழுதுனாரு. இப்ப நான் போய்ப் பாப்பா பேரக் குடுத்தா, இந்தக் காஜா பெராங்கே என் பின்னால வரும். எனக்குத் தெரியும், நீ பேசாத."

வேலுவைத் தெரியுமா உனக்கு? உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தீமிதிக்குப் போனவன். அவன் சயாமில் காய்ச்சலில் போனான் என்பது தெரியும், ஆனால் உன் அப்பாவின் பின்னால் வரிசையில் நின்றவன் என்பது தெரியாது. இத்தனை வருஷமாக இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படிச் சாப்பிட்டார், தூங்கினார் என்று இருந்தது. நான் அழுதேன். அவர் அழவில்லை. பிறகு, "அப்ப எழுதுற ஆளு யாருன்னு நீங்களே வந்து பாருங்க, பாத்துட்டுக் குடுங்க, இல்ல குடுக்காதீங்க" என்றேன். டியூபை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

பதிவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ரோட்டு வேலை முடிந்து, காலில் தார் அப்பியிருக்க, கமலா இல்லாமல் தனியாக வந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றார். மலாய் வாத்தியார் முகம் மலர்ந்து பேனாவைத் திறந்தார். இவர் உட்காரவும் இல்லை, பெயரும் சொல்லவில்லை. உன் அப்பா மலாயில் கேட்டார், அவர் மலாயில் பதில் சொன்னார்; நான் தமிழில் எழுதுகிறேன், 'துவான்' என்ற அந்த மரியாதைச் சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

"துவானுக்கு வீடு எங்க?"

"புக்கிட் காதில்ங்கிற ஊருல."

"புக்கிட் காதில்ல எங்க?"

"தொழுகை நடக்கிற சூராவுக்குப் பின்னால. சன்னலுக்கு நீலச் சாயம் அடிச்சிருக்கும்."

"வீட்டுல யார் யாரு?"

"என் மனைவி, கைப்பிள்ளை ஒண்ணு, மாமியார்."

"துவான் பேரு? அப்பா பேரு?"

நம் தலைமையாசிரியருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. "என்ன டீச்சர், ஒங்க வீட்டுக்காரரு போலீஸ் மாதிரி விசாரிக்கிறாரே, கூப்பிடுங்க" என்று என் காதில் முணுமுணுத்தார். நான் அசையவில்லை. அந்த மலாய் வாத்தியார் ஒரு கணம் உன் அப்பாவையே பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, எழுந்து நின்று, தன் பெயர், தகப்பனார் பெயர் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். உன் அப்பா தலையை ஆட்டிவிட்டு, வெளியே போய் சைக்கிளில் ஏறினார். கோபித்துக்கொண்டு போகிறார், எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு வந்தார். சைக்கிள் ஹாண்டிலில் ஒரு கொத்து ரம்புத்தான் பழம் தொங்கியது.

"வீடு இருக்கு" என்றார்.

"எந்த வீடு?"

"நீல சன்னலு. அவரு சொன்ன மாதிரியேதான். பொண்டாட்டி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்துச்சு. மாமியாக்காரம்மா என் காலுல தாரைப் பாத்துட்டு, தெருவுக்குச் சடக்கு போட வந்த ஆளுன்னு நெனச்சுட்டாங்க. மழை பேஞ்சா சேறு, எப்பத்தான் போடுவீங்கன்னு ஒரே பொலம்பலு. போறப்ப இதக் குடுத்து அனுப்புனாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பெரிய துவான்கிட்ட சொல்றேன்னேன்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். புக்கிட் காதில்வரை சைக்கிள் மிதித்துப் போய், ஒரு மனிதனுக்கு வீடு வாசல் இருக்கிறதா, பிள்ளைகுட்டி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்! மறுநாள் காலையில் கமலாவுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து, அவரே கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "கமலா" என்று வராந்தா அதிரச் சொன்னார். பிறகு வேலைக்குப் போகாமல், முச்சந்திக் காப்பிக்கடையில் எல்லாரும் பார்க்கிறாற்போல உட்கார்ந்துகொண்டார். கேட்டவர்களிடமெல்லாம், "எழுதுற ஆளு வீட்டப் பாத்துட்டு வந்துட்டேன். பிள்ளைகுட்டிக்காரரு" என்று மட்டும் சொன்னாராம். அன்று மத்தியானத்திலிருந்து ஆண்கள் வர ஆரம்பித்தார்கள். மாரியக்காவின் புருஷன் முதல் ஆள். விஜயதசமியைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. மலாய் வாத்தியாருக்குக் கை வலித்திருக்கும், பாவம். மறுநாள் மேசையை மடக்கும்போது எங்கள் முதல் வகுப்புக்குக் கவலையில்லை என்று ஆகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, அந்தக் கிராமத்திலும் இப்படித்தான் ஏதோ இருக்கும் என்று நீயே முடிவு கட்டிவிடாதே. அவர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அறுப்பு, திருவிழா, உடம்பு சரியில்லை என்று அவர்கள் என்ன காரணம் சொன்னாலும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே எழுதிப் போட்டுவிட்டு வந்துவிடாதே. ஜீப்பை ஊருக்கு வெளியே நிறுத்து. போனதும் பிள்ளைகள் பெயரைக் கேட்காமல், உன் பெயரைச் சொல். நீ எந்த ஊர்ப் பிள்ளை, அப்பா என்ன வேலை செய்கிறார், அம்மா எந்த வகுப்புக்கு டீச்சர், எல்லாம் சொல். எவனாவது நீ தங்கியிருக்கிற வீட்டைப் பார்க்க வேண்டும் என்றால் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாய் காப்பி கொடு. அதற்காகவாவது வீட்டைக் கொஞ்சம் கூட்டிப் பெருக்கி வை. நீ இருக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? காப்பியும் நீயே போட வேண்டியிருக்கிறது என்றால், பெண் பார்க்கச் சொல்லி எழுது, இங்கே நான் தயாராகத்தான் இருக்கிறேன்.

இங்கே எல்லாரும் சௌகரியம். கமலா வருகிற ஜனவரியில் இரண்டாம் வகுப்பு. மலாய்ப் பாடத்தை என்னைவிட நன்றாகப் படிக்கிறாள், என் உச்சரிப்பைத் திருத்துகிற அளவுக்கு வாய் நீண்டுவிட்டது. இந்த வருஷப் பதிவுக்கு நான் ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை, தாங்களாகவே வந்தார்கள். புது நாற்காலிகள் வந்துவிட்டன, வகுப்பு முழுக்க வார்னிஷ் வாசம். புக்கிட் காதிலில் அந்த அம்மாள் கேட்ட ரோடுதான் இன்னும் போட்டபாடில்லை. உன் அப்பா ரோட்டு வேலையை மேய்க்கிற மண்டோரைப் பார்க்கும்போதெல்லாம் நச்சரிக்கிறார், அவர் இவரைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாராம்.

ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். போன ஜனவரி, கமலாவின் முதல் நாள். வகுப்பில் விட்டுவிட்டுப் போவார் என்று பார்த்தால், உன் அப்பா சன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற அப்பாக்களெல்லாம் போய்விட்டார்கள். நான் பார்க்காததுபோல் ஆஜர் எடுத்தேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, "உள்ளேன் டீச்சர்", "உள்ளேன் டீச்சர்" என்று குட்டிக் குரல்கள் வந்தன. மாரியக்கா பையன் பயத்தில் எழுந்து நின்று சல்யூட் அடித்தான். கமலாவைக் கூப்பிட்டேன், அவள் கணீரென்று பதில் சொன்னாள். மகள் பதில் சொல்லிவிட்டாள், இனி போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. கடைசிப் பெயர்வரை அங்கேயே நின்றார். அன்று சாயங்காலம் காலில் தாரை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அங்க சயாமுல தெனம் காலையில பேரு கூப்பிடுவாங்க. நாளாக நாளாக, கூப்பிட்டா பதிலு வராது. சின்னையான்னு கூப்பிடுவாங்க, வராது. வேலுன்னு கூப்பிடுவாங்க, வராது. அடுத்த பேருக்குப் போயிருவாங்க." துணியைக் கீழே வைத்தார். "இன்னிக்கு நீ கூப்பிட்ட பேரு அத்தனையும் பதிலு சொல்லுச்சு."

உன் அம்மா